அம்மா எழுந்து போன பிறகு

கோழி முட்டையைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் சைவ அன்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இது சமையல் குறிப்பு அல்ல. முட்டையை உடைக்காமல் காப்பாற்றுவது எப்படி என்ற சமாசாரம். பார்க்கப் போனால், மற்றவர்களைவிட அவர்களுக்குத்தான் இது அதிகமாகப் பிடிக்க வேண்டும்!

விருதுநகரிலிருந்து சிவகாசிக்குப் போகிற சாலையில் ஆமத்தூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. வானம் பார்த்த பூமி. காலையில் தீப்பெட்டி ஆபீசுக்கும் பட்டாசு ஆலைக்கும் ஆள் ஏற்றிப் போக வண்டிகள் வந்து நிற்கிற வட்டாரம். இந்தப் பக்கத்துக் கிராமங்களில் வீட்டுக்கு நாலு நாட்டுக்கோழி திரிவது வழக்கம். அந்தக் கோழிகள் வீட்டுக்காரருடைய சொத்து அல்ல, வீட்டுக்காரியுடைய சொத்து. முட்டை விற்ற காசும், சேவல் விற்ற காசும் நேரே அஞ்சறைப் பெட்டிக்குள் போய்விடும். அதற்குச் சிறுவாடு என்று பெயர். பிள்ளைக்குப் பென்சில் வாங்குவதிலிருந்து, அண்ணன் மகள் சடங்குக்குச் செய்முறை செய்வது வரைக்கும், யாரிடமும் கை நீட்டாமல் ஒரு பெண்பிள்ளை செலவு செய்வது இந்தக் கணக்கிலிருந்துதான்.

அப்படிப்பட்ட ஒரு வீட்டில் பதின்மூன்று முட்டைகளை அடை வைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருபத்தொன்றாம் நாள் ஒன்பது குஞ்சுகள் பொரிந்துவிட்டன. மறுநாள் காலையில் தாய்க்கோழி அந்த ஒன்பதையும் கூட்டிக்கொண்டு குப்பைமேட்டுக்குக் கிளம்பிவிட்டது. கூடையில் நாலு முட்டைகள் மிச்சம்.

"அத்தை, இந்த நாலையும் என்ன செய்ய?" என்கிறாள் மருமகள்.

"கூமுட்டையா இருக்கும் தாயி. தூரப் போடு."

மருமகள் ஒன்றை எடுத்துக் காதோடு வைத்துப் பார்க்கிறாள். "அத்தை! உள்ளே கீச்சு கீச்சுன்னு சத்தம் கேக்குது!"

"அடி ஆத்தே!"

இந்த "அடி ஆத்தே"க்குப் பிறகு செய்ய வேண்டியது என்ன என்பதுதான் இந்த வாரத்து விஷயம்.

முதலில் தாய்க்கோழியைத் திட்டுவதை நிறுத்த வேண்டும். அது கல்நெஞ்சுக்காரி அல்ல. வெளியே வந்துவிட்ட ஒன்பது குஞ்சுகளுக்கு இரை காட்ட வேண்டும். காக்கையிடமிருந்தும் பருந்திடமிருந்தும் காக்க வேண்டும். அதே சமயம் கூடையிலும் உட்கார்ந்திருக்க முடியாது. ஒன்பதுக்காக நாலை விட்டுவிட்டுப் போகிறது. நமக்கு மனசு கேட்காது. அதற்கு வேறு வழி கிடையாது.

இந்த நாலு மட்டும் ஏன் பின்தங்கின? முட்டைக்குள் இருக்கும் கரு, கோழி உட்கார்ந்து சூடு கொடுக்கும் வரையில் தூங்கிக்கொண்டே இருக்கும். அதனால்தான் இரண்டு வாரமாக ஒவ்வொன்றாக இட்ட முட்டைகள்கூட ஒரே நாளில் பொரிகின்றன. ஆனால் அடை உட்கார்ந்த பிறகு வேறொரு கோழி அதே கூடையில் வந்து முட்டையிட்டுவிட்டுப் போனால், அந்த முட்டைக்கு நாள் கணக்கு பிந்திவிடும். ஓரத்தில் கிடந்து சரியாகச் சூடு படாத முட்டைகளும் தாமதமாகும். தாய் எழுந்து போகிற நேரத்தில் அவை பரீட்சைக்குத் தயாராகாத பையன்களைப் போல விழித்துக்கொண்டிருக்கும்.

கோழி அடையை விட்டு எழுவதற்கு வேறு காரணங்களும் உண்டு. நாய், கீரி, பாம்பு கண்டு மிரண்டு போகலாம். கூடையில் செல் பற்றிவிட்டால், அந்தப் பூச்சிகள் இரவெல்லாம் கடித்து ரத்தம் குடிக்கிற உபத்திரவம் தாங்காமல் ஓடிவிடலாம். பசியும் தாகமும் விரட்டலாம். கோழியையே நரியோ நாயோ தூக்கிப் போய்விடலாம். எப்படியானாலும் கடைசியில் நம் கையில் மிஞ்சுவது தொட்டால் சில்லென்றிருக்கும் சில முட்டைகள்.

இங்கேதான் பலர் அவசரப்பட்டுவிடுகிறார்கள். "ஆறிப் போச்சு, அவ்வளவுதான்" என்று குப்பையில் போட்டுவிடுகிறார்கள். ஆறிப்போன முட்டை எல்லாம் செத்துப்போன முட்டை அல்ல. தாய்க்கோழியே தினம் ஒருமுறை அடையை விட்டு எழுந்து, இரை தின்று, தண்ணீர் குடித்து, மண்ணில் புரண்டுவிட்டு வரும். அதுவரை முட்டை ஆறித்தான் கிடக்கும். அதைத் தாங்குகிற சக்தியை இயற்கை கருவுக்குக் கொடுத்திருக்கிறது. சில மணி நேரம் குளிர்ந்து கிடந்த முட்டைகள் மறுபடி சூடு கிடைத்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்வது உண்டு. பொரிவதற்கு ஒரு நாள் தாமதமாகும், அவ்வளவுதான். கரு அஞ்ச வேண்டியது குளிரை அல்ல, அதிக உஷ்ணத்தை. நாற்பது டிகிரியைத் தாண்டிவிட்டால் அது வெகு நேரம் தாங்காது.

உயிர் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஜோசியம் வேண்டியதில்லை. இருட்டறையில் ஒரு டார்ச் விளக்கை, அல்லது கைப்பேசியின் விளக்கை, முட்டையின் அகன்ற பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். ஏழு நாள் அடையில் இருந்த முட்டையானால், நடுவில் ஒரு கரும்புள்ளியும் அதிலிருந்து சிலந்தி வலையைப் போல நாலாபக்கமும் ஓடுகிற சிவப்பு நரம்புகளும் தெரியும். ஒன்றுமில்லாமல் தெளிவாக இருந்தால் அதில் கருவே இல்லை. நரம்புகளுக்குப் பதிலாக ஒரு சிவப்பு வளையம் மட்டும் நின்றால் கரு உருவாகி இறந்துவிட்டது. பதினெட்டு நாளைத் தாண்டிய முட்டை பெரும்பாலும் இருட்டாகவே இருக்கும்; அகன்ற பக்கத்தில் காற்றறை மட்டும் வெளிச்சமாகத் தெரியும். அந்த எல்லைக்கோடு அசைந்தால் உள்ளே ஒருவர் இருக்கிறார் என்று அர்த்தம்.

கெட்ட நாற்றம் வீசுகிற முட்டையை மட்டும் தயங்காமல் அப்புறப்படுத்திவிட வேண்டும். உள்ளே வாயு சேர்ந்து, அது வெடித்தாலும் வெடிக்கும். பட்டாசு வட்டாரத்தில் லைசென்ஸ் இல்லாத வெடி எதற்கு?

உயிருள்ள முட்டைக்கு முதல் வைத்தியம் இன்னொரு அடைக்கோழி. பக்கத்து வீட்டு மதினியிடம் ஒன்று அடையில் இருந்தால், இரவில் போய் அதன் அடியில் சத்தமில்லாமல் வைத்துவிடலாம். கோழிக்கு நாள் எண்ணத் தெரியுமே தவிர, முட்டையை எண்ணத் தெரியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாத்து முட்டையைக்கூடத் தன் முட்டை என்று நம்பி அடைகாத்து, குஞ்சு குளத்தில் இறங்கி நீந்துவதைக் கண்டு கரையில் நின்று பதறுகிற ஜாதி அது.

மதினி வீட்டுக் கோழி அடையில் இல்லையா? அப்போதுதான் பெட்டி வேண்டியிருக்கிறது. இன்குபேட்டர் என்று கடையில் விற்கிற குஞ்சு பொரிப்பானும் அதுதான். தெர்மாகோல் பெட்டியில் வீட்டிலேயே செய்துகொள்வதும் அதுதான். அது செய்ய வேண்டிய வேலைகள் நாலே நாலு: சூடு, ஈரம், காற்று, புரட்டல்.

சூடு: காற்றாடி வைத்த பெட்டியில் 37.5 டிகிரி. ஃபாரன்ஹீட் கணக்கில் 99.5. காற்றாடி இல்லாத பெட்டியானால் மேலே சூடும் கீழே குளிர்ச்சியுமாக இருக்கும். ஆகவே முட்டையின் மேல்மட்டத்தில் ஒரு டிகிரி கூடுதலாக வைக்க வேண்டும். பழைய குண்டு பல்ப் ஒன்றும், சூடு ஏறினால் தானே அணைத்து இறங்கினால் தானே ஏற்றுகிற தெர்மாஸ்டாட் ஒன்றும் இருந்தால் போதும். எல்.இ.டி. பல்ப் மாட்டிவிட்டுக் காத்திருக்காதீர்கள். அது சூடாகாமல் வெளிச்சம் கொடுப்பதற்கென்றே வந்தது. மின்சாரக் கட்டணத்துக்கு நல்லது, முட்டைக்கு ஆகாது. உஷ்ணமானி சரியாகக் காட்டுகிறதா என்ற சந்தேகம் வந்தால், வீட்டில் ஜுரம் பார்க்க வைத்திருக்கும் மானியோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். நமக்கு ஜுரம் இல்லை என்று சொல்கிற சூடும், முட்டைக்கு வேண்டிய சூடும் ஏறக்குறைய ஒன்றுதான்!

புரட்டல்: தாய்க்கோழி அலகாலும் காலாலும் முட்டைகளை நாளெல்லாம் புரட்டிக்கொண்டே இருக்கும். புரட்டாமல் விட்டால் கரு ஓட்டுச் சவ்வோடு ஒட்டிக்கொண்டுவிடும். ஆகவே முட்டையின் ஒரு பக்கம் பென்சிலால் பெருக்கல் குறியும் மறுபக்கம் வட்டமும் போட்டு, நாளைக்கு மூன்று தடவையாவது திருப்பிவிட வேண்டும். பதினெட்டாம் நாளோடு நிறுத்திவிட வேண்டும். அதற்குப் பிறகு குஞ்சு தலையை எந்தப் பக்கம் வைத்துக்கொள்வது என்று தானே தீர்மானித்துக்கொள்ளும்.

காற்று: முட்டையோட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. குஞ்சு அவற்றின் வழியாகத்தான் மூச்சு வாங்குகிறது. சூடு போய்விடுமே என்று பெட்டியை இறுக மூடிவிட்டால் உள்ளே இருப்பவர்களுக்கு மூச்சுத் திணறும். பக்கங்களில் சில துளைகள் அவசியம்.

ஈரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் ஆமத்தூர்ப் பக்கத்தில் முட்டைக்கு உண்மையான சத்துரு அதுதான். அதாவது, அது இல்லாமல் இருப்பதுதான்.

1922-ல் அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இருவர் சிவகாசியிலிருந்து கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள் என்பது அந்த ஊரில் எல்லாருக்கும் தெரிந்த சரித்திரம். அந்தத் தொழிலும் அதன் பின்னால் வந்த பட்டாசுத் தொழிலும் அங்கே வேரூன்றியதற்கு ஒரு முக்கிய காரணம் வறண்ட காற்று. தீக்குச்சி நமத்துப்போகாது, மருந்து சீக்கிரம் உலரும். மழை பெய்யாத பூமி என்ற சாபமே தொழிலுக்கு வரமாகிவிட்டது. ஆனால் தீக்குச்சிக்கு வரமாக இருக்கிற காற்று முட்டைக்குச் சாபம். முட்டை அடையில் இருக்கும்போது அதிலுள்ள நீர் துளைகள் வழியாக மெள்ள மெள்ள ஆவியாகிக்கொண்டே இருக்கும். நாற்பது கிராம் முட்டை பதினெட்டு நாளில் சுமார் ஐந்து கிராம் எடை குறைவது சரியான கணக்கு. காற்று வறண்டிருந்தால் அதற்கு மேலும் போய்விடும். கடைசியில் குஞ்சு ஓட்டை உடைத்த பிறகும், உள்சவ்வு காகிதமாக உலர்ந்து அதன் உடம்போடு ஒட்டிக்கொண்டுவிடும். வாசல் வரை வந்த பிள்ளை நிலைப்படியில் மாட்டிக்கொண்ட மாதிரி.

ஆகவே பெட்டிக்குள் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைக்க வேண்டும். அதில் துணியோ பஞ்சோ போட்டு வைத்தால் ஈரம் பரவும். முதல் பதினெட்டு நாள் காற்றின் ஈரம் நூற்றுக்கு ஐம்பது, ஐம்பத்தைந்து என்று இருக்கலாம்; கடைசி மூன்று நாள் அறுபத்தைந்து, எழுபது இருக்க வேண்டும். இதை அளக்கிற சின்னக் கருவிகள் இப்போது எளிதாகக் கிடைக்கின்றன. ஈரம் மிஞ்சிப் போனாலும் ஆபத்துதான். காற்றறை சிறுத்துப்போய்க் குஞ்சு உள்ளேயே மூழ்கிவிடும். கிணற்றடியில் இருக்கிற ஊருக்கும் கரிசல்காட்டு ஊருக்கும் ஒரே கணக்கு ஒத்துவராது என்பதைச் சொல்லவே இவ்வளவும்.

சித்திரை, வைகாசியில் இன்னொரு வேடிக்கை. வெளியே நாற்பது டிகிரி வெயில் காயும்போது பெட்டிக்குச் சூடு வேண்டாம், குளிர்ச்சிதான் வேண்டும். பல்ப் அணைந்திருக்கும்போதே உள்ளே உஷ்ணம் ஏறிவிடும். அடை வைப்பதற்காகச் சேர்த்து வைக்கிற முட்டையிலும், அறையின் உஷ்ணம் இருபத்தேழு டிகிரியைத் தாண்டினால், கரு அரைகுறையாக விழித்துக்கொண்டு, வளரவும் முடியாமல் தூங்கவும் முடியாமல் செத்துப்போகும். ஈர மணலில் பதித்த மண்பானைக்குள் முட்டையைச் சேர்த்து வைப்பது இதற்காகத்தான். அது வெறும் பழக்கம் அல்ல, நல்ல விஞ்ஞானம்.

நம் பாட்டிமார் செய்த எல்லாவற்றிலும் விஞ்ஞானம் இருந்ததாகச் சாதிக்கவும் நான் வரவில்லை. அடைக் கூடையில் மணல் பரப்பி அதில் ஓர் இரும்புத் துண்டு, கொஞ்சம் அடுப்புக்கரி, ஒன்றிரண்டு மிளகாய் வற்றல் போட்டு வைப்பது தமிழ்நாட்டுக் கிராமங்களில் பழைய வழக்கம். இடி இடித்தால் முட்டை கெட்டுவிடும், இது அதைத் தடுக்கும் என்பது நம்பிக்கை. கந்தகத்தோடும் வெடியுப்போடும் சேர்ந்து இடி முழக்கம் செய்கிற அதே கரி, இங்கே இடிக்குக் காவல் நிற்கிறது! மிளகாய் வற்றலுக்கு இடி பயப்படுமா என்பது எனக்குச் சந்தேகந்தான். ஆனால் இடி இடிக்கிற நாளில் கோழி மிரண்டு எழலாம், மின்சாரம் போய்விடலாம். அந்த மட்டில் பாட்டியின் கவலை நியாயமானதே.

மின்சாரம் போனால் பதறிப்போய்ப் பெட்டியைத் திறந்து திறந்து பார்க்கக் கூடாது. மூடியபடியே ஒரு ஜமுக்காளத்தைப் போர்த்தி, அதிக நேரமானால் வெந்நீர் நிரப்பிய பாட்டில் ஒன்றை உள்ளே வைத்தால், ஒரு மணி இரண்டு மணி நேரத்தைக் கடத்திவிடலாம். காற்றுத் துளைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள்.

பெட்டி ஏதோ புதுயுகத்து நாகரிகம் என்று நினைக்க வேண்டாம். பண்டைய எகிப்தில் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே இந்த வித்தை இருந்தது. எகிப்தியர் கோழி இல்லாமலே குஞ்சு பொரிப்பதைப் பற்றி கிரேக்க ஞானி அரிஸ்டாட்டில் குறிப்பிட்டிருக்கிறார். மண்ணால் கட்டிய பெரிய சூளைகளில் ஆயிரக்கணக்கான முட்டைகளை அடுக்கி, சாண வரட்டியால் மிதமாகச் சூடேற்றுவார்கள். உஷ்ணமானி கிடையாது. சூளைக்காரர் முட்டையை எடுத்துத் தம் கண்ணிமையில் வைத்துப் பார்ப்பார், அதுதான் மானி. தகப்பன் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்த தொழில். பிரெஞ்சு விஞ்ஞானி ரோமூர், உஷ்ணமானிக்கே ஓர் அளவுமுறை வகுத்தவர், எகிப்தியரைப் பார்த்து, குதிரைச் சாணத்தின் சூட்டில் குஞ்சு பொரிக்கும் முறையைப் பரிசோதித்து 1749-ல் ஒரு புத்தகமே எழுதினார். இன்றைக்கு நாமக்கல்லில் லட்சக்கணக்கில் நிற்கிற வெள்ளைக் கோழிகள் எல்லாம் யந்திரத்தின் பிள்ளைகள்தாம். முட்டையிடுவதற்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்ததில் அடைகாக்கும் குணமே அவற்றிடமிருந்து போய்விட்டது. சேவலோடு சேராமல் இடுகிற முட்டைகளானதால் அவற்றில் கருவும் இல்லை. ஆகவே, கடையில் வாங்கின வெள்ளை முட்டையைப் பெட்டியில் வைத்துவிட்டு நாள் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம்.

இனி, முக்கியமான கட்டத்துக்கு வருவோம். ஆமத்தூர் மருமகள் காதில் "கீச்" என்ற சத்தம் கேட்டதே, அது என்ன? இருபதாம் நாள் வாக்கில் குஞ்சு அலகால் உள்சவ்வைக் கிழித்துக் காற்றறைக்குள் மூக்கை நுழைக்கிறது. வாழ்க்கையில் முதல் முறையாக நுரையீரலால் மூச்சு விடுகிறது. குரல் பிறப்பது அப்போதுதான். முட்டைகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதும் உண்டு. 1960-களில் இங்கிலாந்தைச் சேர்ந்த மார்கரெட் வின்ஸ் என்ற விஞ்ஞானி காடை முட்டைகளை ஆராய்ந்தார். பக்கத்தில் பக்கத்தில் வைத்த முட்டைகளுக்குள்ளிருந்து குஞ்சுகள் எழுப்பும் சின்னச் சின்ன 'டிக் டிக்' ஒலியைக் கேட்டு, பின்தங்கிய குஞ்சுகளும் வேகத்தைக் கூட்டிக்கொண்டு ஏறக்குறைய ஒரே சமயத்தில் பொரிகின்றன என்று கண்டார். தாய் கிளம்புவதற்குள் எல்லாரும் தயாராகிவிட வேண்டும் அல்லவா?

அப்புறம் குஞ்சு ஓட்டில் ஒரு சின்ன விரிசல் விடும். அதோடு நின்றுவிடும். ஒரு மணியாகும், ஐந்து மணியாகும், பத்து மணியாகும், அசைவே இருக்காது. பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு மனசு பொறுக்காது. "பாவம், வெளியே வரத் தெரியாமல் தவிக்கிறதே" என்று ஒரு நகத்தால் ஓட்டை உரித்துவிடுவார்கள். அநேகமாக அந்தக் குஞ்சு பிழைக்காது. ஏன்? அது சும்மா இருக்கவில்லை. ஓட்டின் உட்புறம் பரவியிருக்கும் ரத்த நாளங்களிலிருந்து ரத்தத்தையெல்லாம் உடம்புக்குள் இழுத்துக்கொண்டிருக்கிறது. மிச்சமிருக்கும் மஞ்சட் கருவையும் வயிற்றுக்குள் வாங்கிக்கொண்டிருக்கிறது. கட்டுச்சோறு கட்டி முடிக்காமல் யாராவது பிரயாணம் கிளம்புவார்களா? இடையில் உரித்தால் ரத்தம் கொட்டும். விரிசல் விட்ட பிறகு ஒரு நாள் வரை பொறுத்திருப்பது சரியான மருத்துவம். முடிவில் அது தானே வட்டமாக ஓட்டைக் கொத்தி, மூடியைத் திறப்பது போலத் திறந்துகொண்டு வரும். அலகு நுனியில் இதற்கென்றே ஒரு சின்ன வெள்ளைப் பல் இருக்கும். வேலை முடிந்ததும் சில நாளில் உதிர்ந்துவிடும்.

கைவிடப்பட்ட முட்டையைக் காப்பாற்றுவதில் கஷ்டமான பகுதி எது என்று கேட்டால், பதினெட்டு நாள் தினமும் மூன்று வேளை திருப்புவது அல்ல. கடைசி நாள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான். பெட்டியையும் அடிக்கடி திறக்கக் கூடாது. திறக்கும்போதெல்லாம் ஈரம் வெளியே போய்விடும். பாதி வழியில் இருக்கும் குஞ்சின்மேல் சவ்வு உலர்ந்து இறுகிவிடும்.

நம் கதையில் மிஞ்சிய நாலு முட்டைகளுக்கு வைத்தியம் இன்னும் சுருக்கம். பென்சில் குறியும் வேண்டாம், திருப்பவும் வேண்டாம். சுத்தமான துணியை விரித்து, 37.5 டிகிரியில், ஈரம் நிறைந்த பெட்டியில் வைத்து, மூடிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். ஆலைக்கு வேலைக்குப் போகிறவளுக்கு இது ஒருவிதத்தில் சௌகரியம். கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாதவர்கள் வீட்டில் இருப்பதைவிட, வேலைக்குப் போய்விடுவதே குஞ்சுக்கு நல்லது!

குஞ்சு வெளியே வந்துவிட்டது. ஜெயித்துவிட்டோம் என்று பெட்டியை ஏறக்கட்டிவிடலாமா? கூடாது. வயிற்றிலே மஞ்சட் கரு இருப்பதால் இரண்டு நாள் வரை அது பசி தாங்கும். ஆனால் குளிர் தாங்காது. முதல் வாரம் முப்பத்தைந்து டிகிரி சூடு வேண்டும்; பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைத்துக்கொண்டு வரலாம். குஞ்சுகளே சொல்லும். விளக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருக்கினால் குளிர்கிறது; சிறகை விரித்து வாயைத் திறந்து விலகி ஓடினால் புழுங்குகிறது; அங்கங்கே பரவலாக மேய்ந்தால் எல்லாம் சரி.

ஏழாம் நாள் வெள்ளைக் கழிச்சலுக்குக் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டுத் தடுப்பு மருந்து போட்டாக வேண்டும். உலகமெல்லாம் நியூகாசில் நோய் என்றும், நம் தேசத்தில் 1920-களில் முதலில் கண்டறிந்த மலையூரின் பெயரால் ராணிக்கேட் நோய் என்றும் சொல்கிறார்களே, அதுதான். தெருவோடு கோழிகளைக் காலி செய்துவிடும். இருபத்தொரு நாள் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றின குஞ்சை ஒரு சொட்டு மருந்து இல்லாமல் பறிகொடுப்பதைப் போல வயிற்றெரிச்சல் வேறில்லை. அரசாங்கக் கால்நடை மருந்தகத்தில் விசாரித்தால் வழி சொல்வார்கள்.

ஆனால் குஞ்சுக்கு எல்லாவற்றையும்விட நல்ல விளக்கு எது தெரியுமா? ஒரு கோழிதான். அந்தத் தாய்க்கோழியே ஒன்பது குஞ்சுகளோடு ராத்திரி கூடைக்கு வந்து அடைந்த பிறகு, பெட்டியில் பொரிந்த குஞ்சுகளை உலர்ந்ததும் எடுத்துப் போய், இருட்டில் அதன் சிறகுக்கு அடியில் தள்ளிவிடலாம். வயது வித்தியாசம் ஓரிரண்டு நாளுக்கு மேல் இல்லாவிட்டால், விடிந்து பார்க்கும்போது பெரும்பாலான கோழிகள் எல்லாவற்றையும் தன்னுடையது என்றே அழைத்துக்கொண்டு போகும். காலையில் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. சில கோழிகள் புதியதைக் கொத்துவதும் உண்டு.

இது கோழிக்கு மட்டும் பொருந்துகிற சமாசாரம் அல்ல. 1878-ல் பாரிஸ் நகரத்து விலங்குக் காட்சிசாலையில் கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டியைப் பார்த்த தார்னியே என்ற பிரசவ வைத்தியர், அங்கே வேலை பார்த்த மார்த்தேன் என்பவரிடம், "மாதம் நிறையாமல் பிறக்கிற மனிதக் குழந்தைகளுக்கும் இப்படி ஒன்று செய்து கொடுங்கள்" என்று கேட்டார். 1880-ல் பெட்டி ஆஸ்பத்திரிக்கு வந்தது. அந்த ஆஸ்பத்திரியில் இரண்டாயிரம் கிராமுக்குக் குறைந்து பிறந்த குழந்தைகளில் நூற்றுக்கு அறுபத்தாறு இறந்துகொண்டிருந்த காலம் அது. பெட்டி வந்த பிறகு அது முப்பத்தெட்டாகக் குறைந்தது. இன்று நம் ஆஸ்பத்திரிகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் கண் மூடிக் கிடக்கிற பச்சைக் குழந்தைகளுக்கெல்லாம் ஒருவகையில் அந்தக் கோழிப் பெட்டிதான் செவிலித் தாய்.

கதை அதோடு முடியவில்லை. தென் அமெரிக்காவில் பொகோட்டா என்ற நகரத்தில் பெட்டிகள் போதாமல் போனபோது, 1978-ல் எட்கார் ரே என்ற டாக்டர் குறைமாதக் குழந்தைகளைத் தாயின் மார்போடு தோலோடு தோலாக அணைத்துக் கட்டி வைக்கச் சொன்னார். கங்காரு முறை என்று அதற்குப் பெயர் வந்தது. இந்தியாவிலும் ஆப்பிரிக்க நாடுகளிலும் நடந்து 2021-ல் வெளியான பெரிய ஆராய்ச்சியில், பிறந்த உடனேயே இப்படித் தாயோடு சேர்த்து வைத்த எடை குறைந்த குழந்தைகளில் இறப்பு கால் பங்கு குறைந்தது தெரிய வந்தது. கோழியிடம் கற்ற பெட்டியிலிருந்து மறுபடியும் அம்மாவிடமே வந்து சேர்ந்துவிட்டார்கள் டாக்டர்கள்.

பெட்டியைக் குறைத்துச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. அம்மா இல்லாத நேரத்தில் பெட்டி இல்லையென்றால் ஒன்றுமே இல்லை. ஆனால் பெட்டி தருவது சூடு மட்டும். மற்றதெல்லாம், அதாவது திருப்புவதும், தண்ணீர் ஊற்றுவதும், மின்சாரம் போனால் ஜமுக்காளம் போர்த்துவதும், கடைசி நாள் சும்மா இருப்பதும், ஒரு மனுஷியின் கவனம்.

இவ்வளவு சிரமப்பட்டு நாலு குஞ்சா என்று கேட்பீர்கள். நாலும் பிழைக்கும் என்று நான் உத்தரவாதம் கொடுக்க மாட்டேன். கைவிடப்பட்ட முட்டைகளில் சில எப்படியும் தவறிப்போகும். இரண்டு பிழைக்கலாம். அதில் ஒன்று சேவலாகவும் இருக்கலாம். சேவலானால் வருகிற பொங்கலுக்கு ஒரு புடவையின் விலையில் பாதியாவது தேறும். பெட்டையானால் அடுத்த வருஷம் அதுவே அடையில் உட்காரும். சிறுவாட்டுக் கணக்கில் அது சின்ன வரவு அல்ல.

ஆகவே, அடுத்த தடவை உங்கள் வீட்டுக் கோழி எழுந்து போய்விட்டால், மிஞ்சின முட்டைகளைக் குப்பையில் போடுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், ஒவ்வொன்றாக எடுத்துக் காதோடு வைத்துப் பாருங்கள்.